முதல் பேஸ் கிட்டார்: நாலு கம்பி போதும்

பேஸ் கிட்டார் கற்க ஆசை என்று மதுரையில் மேடையில் வாசிக்கும் யாரிடமாவது போய்ச் சொல்லுங்கள். பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: "மொதல்ல கிட்டாரக் கத்துக்க தம்பி, பேஸுக்கு அப்புறம் வரலாம்." இந்த அத்தியாயம் அந்த யோசனையை ஏற்கவில்லை. ஆறு கம்பிக் கிட்டாரில் முதல் ஆறு மாதம் போவது கோர்டு பிடிக்கவும் ஸ்ட்ரம் செய்யவும்தான். பேஸில் அந்த இரண்டுக்கும் அநேகமாக வேலையில்லை. இங்கே ஒரு நேரத்தில் ஒரு சுரம். அதை எப்போது தொடுவது, எப்போது நிறுத்துவது என்பதில்தான் முழுப் படிப்பும் இருக்கிறது. அமெரிக்காவின் மோட்டவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், டபுள் பேஸிலிருந்து இதற்கு வந்தவர். அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் புகழ்பெற்ற கரோல் கே, கிட்டாரிலிருந்து வந்தவர். ஏற்கெனவே கிட்டார் வாசிக்கிறீர்கள் என்றால் நல்லது, விரல் பழகியிருக்கும். வாசிக்காதவர் பேஸ் ஆசையை ஒரு வருடம் தள்ளிப்போட வேண்டியதில்லை.

பேஸுக்குக் காசு செலவழிப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதற்குப் பெரிய செலவில்லை.

முதலில் காது

மதுரை காளவாசலிலிருந்து மேற்கே போகும் சாலை விராட்டிபத்து, நாகமலை புதுக்கோட்டை, உசிலம்பட்டி தாண்டித் தேனிக்குப் போகிறது. தேனியிலிருந்து உத்தமபாளையம் பக்கம் இறங்கினால் பண்ணைப்புரம். 1943இல் இளையராஜா அங்கே பிறந்தபோது அது மதுரை மாவட்டம். தேனி தனி மாவட்டமானது 1996இல்தான். தமிழ் சினிமாப் பாட்டில் பேஸுக்குத் தனி நடை கொடுத்தவர் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் அவரைத்தான் சொல்ல வேண்டும். அவர் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நொட்டேஷன் எழுதிக் கொடுப்பவர். பேஸ் வாசிப்பவர் கோர்டைப் பார்த்து உத்தேசமாகத் தட்டிக்கொண்டு போவது அங்கே கிடையாது. குரலுக்குக் கீழே இன்னொரு மெட்டு தனியாக நடந்துகொண்டிருக்கும். அவருடைய குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். 'நிழல்கள்' (1980) படத்தின் 'மடை திறந்து', 'நினைவெல்லாம் நித்யா' (1982) படத்தின் 'பனிவிழும் மலர்வனம்' இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ முறை பஸ்ஸிலும் டீக்கடையிலும் கேட்ட பாட்டுகள்தான். இந்த முறை பாடகரை விட்டுவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் பின்தொடருங்கள்.

போன் ஸ்பீக்கரில் கேட்டால் இது நடக்காது. பேஸின் தடித்த கம்பி, அதாவது இ, 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஏ 55, டி 73, ஜி 98. உள்ளங்கையில் அடங்கும் போனின் சின்ன ஸ்பீக்கருக்கு அந்த ஆழமே எட்டாது. அதில் நமக்குக் கேட்பது அந்தச் சுரத்தின் மேல் அதிர்வுகள் மட்டும்தான். பேஸ் இருப்பதாக மூளை ஊகித்துக்கொள்கிறது. காதை மூடிக்கொள்ளும் வயர் ஹெட்போன் ஒன்று வாங்குங்கள். பின்னால் பயிற்சிக்கும் அதுவேதான் தேவைப்படும் என்பதால் இந்தச் செலவு வீணாகாது. ப்ளூடூத் ஹெட்போன் பாட்டுக் கேட்கச் சரி, வாசிக்கச் சரிப்படாது. விரல் தொட்ட பிறகு சத்தம் ஒரு கணம் பிந்தி வரும். அந்த ஒரு கணத்தில் தாளம் போய்விடும்.

ஒரே பாட்டை மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை டிரம்ஸின் கிக்கை மட்டும். இரண்டாம் தடவை பேஸை மட்டும். மூன்றாம் தடவை பேஸோடு சேர்ந்து வாயால் முனகுங்கள். முனக வராத இடத்தை விரலும் வாசிக்காது. ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸின் வாசிப்பையும், ரஹ்மானின் மேடைகளில் வாசித்த மும்பைக்காரர் மோகினி டேயின் வாசிப்பையும் இதே மாதிரி கேட்கலாம். மோகினி டேயை முதல் மாதத்தில் பார்த்தால் மனம் உடைந்துவிடும், மூன்றாவது மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். 'கோ' (2011) படத்தில் 'என்னமோ ஏதோ' பாடிய ஆலாப் ராஜுவும் பேஸ் கிட்டாரிஸ்ட்தான். பாடகராக வர நினைப்பவருக்கும் இந்த வாத்தியம் உதவும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எதை வாங்குவது

லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது கம்பியின் நீளத்தை 34 அங்குலமாக வைத்தார். இன்றும் பெரும்பாலான பேஸ்களின் ஸ்கேல் அதுதான். டபுள் பேஸில் ஃபிரெட் கிடையாது, சுரத்தைக் காதாலும் கைப்பழக்கத்தாலும் தேடிப் பிடிக்க வேண்டும். ஃபெண்டர் ஃபிரெட் பதித்துக் கொடுத்ததால் விரல் பட்ட இடத்தில் சுரம் சரியாக நின்றது. 1960இல் வந்த ஜாஸ் பேஸுக்கு மெலிந்த நெக், இரண்டு தனிக் காயில் பிக்கப். கடையில் இன்று நீங்கள் பார்க்கும் அநேகம் மாடல்கள் இந்த இரண்டின் வழிவந்தவை. பிரிசிஷன் பிக்கப் ஒன்று, ஜாஸ் பிக்கப் ஒன்று என்று இரண்டையும் சேர்த்து வைத்தவையும் உண்டு. முதல் பேஸுக்கு அந்தக் கலவை வசதியானது.

நாலு கம்பியா, ஐந்து கம்பியா? மதுரை ஆர்க்கெஸ்ட்ராக்களில் ஐந்துக்கு மவுசு அதிகம். பாடகருக்காகச் சுருதி இறங்கினால் கீழே இன்னும் இடம் இருக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். காரணம் சரிதான், உங்களுக்கு அல்ல. ஐந்தாவது கம்பியான பி, 31 ஹெர்ட்ஸில் அதிர்வது. நீங்கள் வாங்கப்போகும் சின்ன ஆம்ப் அதைக் கரகரவென்று துப்புமே தவிர ஒழுங்காகக் கொடுக்காது. நெக்கும் அகலம். வாசிக்காத கம்பிகள் தானாக அதிராமல் அமர்த்திவைப்பதுதான் பேஸில் பாதி வேலை. அமர்த்த வேண்டிய கம்பி ஒன்று கூடினால் கற்பவருக்கு அது தண்டனை. நாலு கம்பி போதும்.

கை சின்னதாக இருப்பவர்கள், பள்ளிப் பிள்ளைகள், 30 அங்குல ஷார்ட் ஸ்கேலைப் பார்க்கலாம். இபானெஸ் மைக்ரோ பேஸ் அதைவிடச் சின்னது, 28.6 அங்குலம். வளர்ந்தவர்கள் கை சின்னது என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். 34 அங்குலப் பேஸில் முதல் ஃபிரெட்டின் அகலம் ஏறக்குறைய 48 மில்லிமீட்டர். ஐந்தாவது ஃபிரெட்டுக்கு வரும்போது அது 38ஆகக் குறைந்துவிடும். ஷார்ட் ஸ்கேலில் முதல் ஃபிரெட்டே 43 மில்லிமீட்டர்தான். அதாவது பெரிய பேஸில் ஐந்தாவது ஃபிரெட்டுக்கு மேலே பயிற்சியைத் தொடங்கினால், சின்னப் பேஸின் முதல் ஃபிரெட்டைவிடக் கைக்குச் சுளுவாக இருக்கும்.

பேட்டரி போடும் ஆக்டிவ் பேஸ் முதலில் வேண்டாம். கேபிளைச் செருகிய நிலையில் மறந்துவைத்தால் 9 வோல்ட் பேட்டரி கரைந்துபோகும், கச்சேரிக்கு முந்தின நாள்தான் அது தெரியவரும். யமஹா டிஆர்பிஎக்ஸ் 174, இபானெஸ் ஜிஎஸ்ஆர் 180 போன்றவை பேட்டரி இல்லாதவை, 34 அங்குலம், பிரிசிஷன்–ஜாஸ் பிக்கப் கலவை. இவை இருபதாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். விலை மாறும், வாங்குகிற அன்று விசாரித்துக்கொள்ளுங்கள். இந்திய பிராண்டுகளில் இதில் பாதி விலைக்கும் உண்டு. பாதி விலைப் பேஸ் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பெட்டியிலிருந்து எடுத்ததும் வாசிக்கிற நிலையில் இருப்பது அதிர்ஷ்டம். செட்டப்புக்குத் தனியாகக் காசு எடுத்துவைக்க வேண்டும்.

கையிலிருக்கும் மொத்தப் பணத்தையும் பேஸிலேயே போட்டுவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கை ஆம்ப், அகலமான ஸ்ட்ராப், கேபிள், கிளிப் டியூனர், பஞ்சு வைத்த பை இவற்றுக்காக ஒதுக்குங்கள். ஸ்ட்ராப் அற்பமாகத் தெரியும். நாலு கிலோ மரத்தை இரண்டு விரல் அகல நைலான் பட்டையில் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் தோள்பட்டை புரியவைக்கும்.

கடையில்

மதுரைக் கடைகளில் கிட்டார் வரிசையாகத் தொங்கும். பேஸ் ஒன்றோ இரண்டோ இருந்தால் அதிகம். பிடித்த மாடல் இல்லையென்றால் வரவழைத்துத் தருவதாகச் சொல்வார்கள். சென்னைக்குப் போகும் வேலை இருந்தால் அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் போன்ற பெரிய கடையில் நாலைந்தை மடியில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து ஊரில் ஆர்டர் கொடுக்கலாம். ஆன்லைனிலும் வாங்கலாம். அப்படி வாங்கினால் பார்சலைப் பிரிப்பதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் பேச்சே எழாது.

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல.

"அண்ணே, செட்டப் பண்ணித் தருவீங்களா?"

"புதுசு தம்பி, கம்பெனில இருந்தே பண்ணித்தான் வரும்."

"சரிண்ணே, கம்பி ஒசரம் மட்டும் ஒருக்காப் பாத்திரலாம்."

இந்த இடத்தில் கூச்சப்படாதீர்கள். பேஸின் அடிப்பக்கத்திலிருந்து நெக்கின் ஓரமாகத் தலைவரை ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். நெக் முறுக்கிக்கொண்டிருந்தால் அதை வாங்காதீர்கள், முறுக்கு நிமிராது. இலேசாகக் குழிந்த வளைவு பரவாயில்லை, கொஞ்சம் அப்படித்தான் இருக்கவும் வேண்டும். அடுத்து, பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடைவெளி: மெல்லிய ஜி கம்பியில் 2 மில்லிமீட்டர், தடித்த இ கம்பியில் 2.5 என்பது நல்ல கணக்கு. நாலு மில்லிமீட்டர் உயரத்தில் கம்பி நிற்கிற பேஸில் கற்கத் தொடங்கியவர் ஒரு மாதத்தில் அதைப் பரணில் போட்டுவிடுவார். தனக்குத் திறமை இல்லை என்றும் முடிவு கட்டிவிடுவார். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் பொறுமையாக அழுத்தித் தட்டுங்கள். எங்காவது சுரம் சட்டென்று செத்தால் அந்த ஃபிரெட் தேய்ந்திருக்கிறது அல்லது அடுத்த ஃபிரெட் உயர்ந்திருக்கிறது. கடைக்காரர் பொறுமை இழப்பார். இழக்கட்டும்.

கடைசியாக ஆம்பில் மாட்டி, நாப்களைத் திருகுங்கள், கரகரத்தால் தூசி. ஜாக்கை அசைத்துப் பாருங்கள்; சத்தம் விட்டுவிட்டு வந்தால் பற்றுவைத்த இடம் தளர்ந்திருக்கிறது. இவை சின்னப் பழுதுகள், விலை குறைக்கக் கேட்கலாம். நெக்கின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட்டைத் திருகும் இடம் வழுக்கிப்போயிருந்தால் விலையே பேச வேண்டாம். மேடையில் அடிபட்ட செகண்ட் ஹேண்ட் பேஸ்களில் இதை அவசியம் பார்க்க வேண்டும். ஆலன் கீ ஒன்றைச் சட்டைப்பையில் எடுத்துப் போங்கள்.

வெயில், பஸ், வண்டி

நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பிதான் ட்ரஸ் ராட். கம்பிகளின் இழுவை நெக்கை முன்னே வளைக்கும், இது அதை எதிர்த்து நிற்கும். மதுரைச் சித்திரையின் வறட்சியிலும் ஐப்பசி மழையின் ஈரத்திலும் மரம் வெவ்வேறு மாதிரி நடந்துகொள்வதால் ஆண்டுக்கு இரண்டு தடவையாவது நெக்கைச் சரிபார்க்க வேண்டியிருக்கும். திருகினால் கால் சுற்று, அதற்கு மேல் இல்லை. அப்படியே ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். கை நடுங்குகிறது என்றால் முதல் தடவை பழகியவரிடம் கொடுத்துப் பக்கத்திலேயே நின்று கவனியுங்கள்.

மொட்டைமாடித் தகர ஷெட்டிலோ பைபாஸ் ரோட்டில் வெயிலில் நிறுத்திய காரிலோ பேஸை விட்டுவைக்காதீர்கள். வறண்ட காலத்தில் ஃபிங்கர்போர்டு மரம் சுருங்கி ஃபிரெட்டின் முனைகள் ஓரத்தில் துருத்தும். கை வழுக்கிப் போகும்போது கீறும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியால் கம்பிகளைத் துடைத்தால் வியர்வைத் துரு பாதி குறையும். கம்பி மாற்றும்போது 45–100 அல்லது 45–105 செட் கேளுங்கள். பழைய கம்பியைக் கழற்றிக் கொதிக்கும் நீரில் சில நிமிடம் போட்டுக் காயவைத்தால் மறுபடி கணீரென்று ஒலிக்கும். சிக்கனக்காரர்களின் இந்த உத்தி உண்மையிலேயே வேலை செய்யும், ஆனால் ஓரிரு முறைதான்.

பேஸ் ஏறக்குறைய 115 சென்டிமீட்டர் நீளம். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் லக்கேஜ் கேரியரில் படுக்கவைக்க வேண்டாம், காலுக்கு இடையில் நிறுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். டூவீலரில் முதுகில் மாட்டிப் போகும்போது பேஸின் தலை உங்கள் தலைக்கு மேலே நிற்கும் என்பது நினைவிருக்கட்டும். டியூனிங் சாவிகள் உடைவது பெரும்பாலும் வீட்டு நிலைப்படியில்தான்.

ஆம்பும் கரண்டும்

வீட்டுக்கு 15 முதல் 25 வாட், எட்டு அங்குல ஸ்பீக்கர், ஹெட்போன் ஓட்டை உள்ள பேஸ் ஆம்ப் போதும். கிட்டார் ஆம்பில் பேஸை மாட்டிச் சத்தம் கூட்டினால் ஸ்பீக்கர் கிழியும். வீட்டு ஹோம் தியேட்டருக்கும் இதே கதிதான். ஆம்பே வேண்டாம் என்றால் பேஸின் ஜாக்கில் நேரே செருகும் கட்டைவிரல் அளவு ஹெட்போன் ஆம்ப் இருக்கிறது. எஸ்.எஸ். காலனி, பொன்மேனி அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்களுக்கு அதுவே நல்லது. உயர்ந்த சத்தத்தைச் சுவர் தடுக்கும். தாழ்ந்த சத்தம் தரை வழியாகக் கீழ்வீட்டுக்காரரின் கட்டில்வரை போகும். ஆம்பைத் தரையில் வைக்காமல் ஸ்டூலில் மடித்த கம்பளி போட்டு வையுங்கள். மூலையிலிருந்து தள்ளி வையுங்கள். மூலையில் வைத்தால் பேஸ் ஊதிப் பெருத்து எந்தச் சுரமும் தெளியாது.

வாசிக்காமல் சும்மா இருக்கும்போது ஆம்ப் 'ம்ம்ம்' என்று முனகுகிறதா? நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். இ கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டிலுள்ள ஜி 49 ஹெர்ட்ஸ். முனகலின் இரட்டிப்பு 100; பேஸின் திறந்த ஜி கம்பி 98. அதாவது முனகல் நீங்கள் டியூன் செய்ய வேண்டிய சுரத்துக்குப் பக்கத்திலேயே, சற்றுச் சுருதி விலகி உட்கார்ந்திருக்கிறது. அதைக் கேட்டு டியூன் செய்ய முயன்றால் காது குழம்பும். ஃபேன் ரெகுலேட்டர், டியூப்லைட் சோக் இவற்றிலிருந்து தள்ளி உட்காருங்கள், உட்கார்ந்த இடத்தில் திரும்பிப் பாருங்கள். திசை மாறினாலே குறையும். கம்பியைத் தொட்டதும் முனகல் அடங்கினால் அது இயல்பு, பிரிட்ஜ் வழியாகக் கம்பிகள் எர்த்தோடு இணைக்கப்பட்டிருப்பதால் வருவது.

இதே காரணத்தால் ஓர் ஆபத்தும் உண்டு. வீட்டில் எர்த் சரியில்லாமல் இருந்தாலோ, மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகினாலோ கம்பியில் கரண்ட் கசியலாம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு பிளக் பாயிண்டையாவது எர்த் பார்த்துவிடுங்கள். கோயில் திருவிழா மேடைகளில், ஜெனரேட்டரில் ஓடும்போது, இது இன்னும் முக்கியம். ஒரு கை கம்பியில் இருக்க, உதடு மைக்கில் பட்டால் சுரீரென்று இழுக்கும். மைக்கைத் தொடுவதற்கு முன் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் சவுண்ட் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டுச் சரிசெய்யாமல் வாசிக்காதீர்கள், கூட்டம் காத்திருக்கட்டும்.

விரல்

டியூன் செய்வதில் சின்னச் சிக்கல் ஒன்று. போனிலிருக்கும் டியூனர் ஆப்புக்கு 41 ஹெர்ட்ஸ் சரியாகக் கேட்காமல் முள் தடுமாறும். இ கம்பியைப் பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே அழுத்தாமல் விரலால் தொட்டு, தட்டியதும் விரலை எடுத்துவிடுங்கள். மணி போல ஒரு சத்தம் வரும், அது 82 ஹெர்ட்ஸ், ஆப் உடனே பிடித்துக்கொள்ளும். பேஸின் தலையில் மாட்டும் கிளிப் டியூனர் இதைவிட நம்பகம்.

வலது கையின் கட்டைவிரல் பிக்கப்பின் மேல் ஊன்றட்டும். ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டும் மாறி மாறி. விரல் கம்பியை மேலே இழுக்கக் கூடாது. குறுக்கே தள்ளி, அடுத்த தடித்த கம்பியில் போய் ஓய வேண்டும். ஜேமர்சன் ஆட்காட்டி விரல் ஒன்றை வைத்தே எல்லாவற்றையும் வாசித்தார் என்று சொல்லி ஒரு விரலோடு நின்றுவிடுபவர்கள் உண்டு. அவருக்கு வந்தது நமக்கும் வரும் என்று எடுத்துக்கொள்வது பேராசை. கரோல் கே மீட்டுகோலால் வாசித்தவர். கிட்டாரிலிருந்து வருபவர்களுக்கு அந்த வழி எளிது. முதல் இரண்டு வாரம் விரல் நுனியில் கொப்புளம் வரலாம். வந்தால் இரண்டு நாள் விடுங்கள், உடைத்துக்கொண்டு வாசிக்காதீர்கள்.

இடது கையில் ஒரு ஃபிரெட்டுக்கு ஒரு விரல் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். அது ஐந்தாவது ஃபிரெட்டுக்கு மேலே சரி. கீழே இறங்கினால் டபுள் பேஸ்காரர்களின் முறைக்கு மாறுங்கள்: முதல் ஃபிரெட்டுக்கு ஆட்காட்டி, அடுத்ததற்கு நடுவிரல், மூன்றாவதற்கு சுண்டுவிரல், மோதிரவிரல் அதற்குத் துணை. நாலு ஃபிரெட்டை இழுத்துப் பிடிக்க முயன்று மணிக்கட்டைக் கெடுத்துக்கொள்வதைவிடக் கையை நகர்த்துவது மேல். விரலை ஃபிரெட்டின் மேலேயே வைக்காமல், அதற்குச் சற்றுப் பின்னால், அதை ஒட்டி அழுத்துங்கள். பாதி பலம் போதும்.

மெட்ரோனோமை 60இல் வையுங்கள். ஒரே சுரம், நாலு தட்டுக்கு நாலு தடவை. இது சுலபம் என்று தோன்றும். இப்போது ஒவ்வொரு சுரத்தையும் தட்டின் சரிபாதியில் நிறுத்துங்கள், அடுத்த தட்டுவரை முழு அமைதி. இடது விரலை எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் கம்பி அடங்கும். இதைச் சுத்தமாகச் செய்ய வந்துவிட்டால் பேஸ் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வேகமாக வாசிக்க முயலும் பலர் இந்த இடத்தைத் தாண்டிக் குதிக்கிறார்கள்; பத்து வருடம் மேடை ஏறியும் அவர்களுடைய சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழிந்துகொண்டே இருக்கும். அடுத்து திஸ்ரம்: மூன்று மூன்றாக எண்ணி, முதல் எண்ணில் மட்டும் வாசியுங்கள், பிறகு முதலிலும் மூன்றாவதிலும். ஊர்த் திருவிழாக் குத்துப்பாட்டில் பாதி இந்த நடைதான்.

கட்டையும் ஃபிரெட்டும்

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. ச எங்கே இருந்தாலும், ப அடுத்த மெல்லிய கம்பியில் இரண்டு ஃபிரெட் மேலே. மேல் ச அதற்கும் அடுத்த கம்பியில், ப இருக்கும் அதே ஃபிரெட்டில். சுத்த மத்யமம் வேண்டுமென்றால் ச இருக்கும் அதே ஃபிரெட்டில் அடுத்த மெல்லிய கம்பி. கீழ் ப வேண்டுமென்றால் அதே ஃபிரெட்டில் தடித்த பக்கத்துக் கம்பி. இந்த வடிவம் நெக்கில் எங்கே போனாலும் மாறாது. தம்பூராவில் கேட்டுப் பழகிய ச–ப–ச தான் பேஸின் முதல் பாடமும்.

பாடகர் கட்டைக் கணக்கில் சொல்வார். ஒரு கட்டை என்றால் சி, ஏ கம்பியின் மூன்றாவது ஃபிரெட், ஒன்றரை நாலாவது, இரண்டு ஐந்தாவது, இரண்டரை ஆறாவது. மூன்று கட்டை திறந்த இ கம்பி. நாலு கட்டை இ கம்பியின் முதல் ஃபிரெட், நாலரை இரண்டாவது, ஐந்து மூன்றாவது, ஐந்தரை நாலாவது, ஆறு ஐந்தாவது. மனப்பாடம் செய்ய ஒரு வாரம் ஆகும். அதற்குப் பிறகு 'நாலரைக் கட்டை' என்ற சத்தம் கேட்டதும் கை தானாக இ கம்பியின் இரண்டாவது ஃபிரெட்டுக்குப் போக வேண்டும். சர்ச்சில் வாசிக்கப்போகிறவர்களுக்குக் கட்டை அவ்வளவு வராது, கோர்டுகள்தான் வரும். சி, ஏ மைனர், எஃப், ஜி என்ற நாலு கோர்டு சுற்றி வரும் பாட்டுகள் எத்தனையோ உண்டு. அவற்றின் மூலச் சுரங்கள் நாலும் முதல் ஐந்து ஃபிரெட்டுக்குள் இ, ஏ கம்பிகளிலேயே இருக்கின்றன: சி ஏ கம்பியின் மூன்றில், ஏ இ கம்பியின் ஐந்தில், எஃப் ஒன்றில், ஜி மூன்றில்.

ஆளோடு வாசிப்பது

ஆசிரியர் தேடும்போது ஒன்று கவனியுங்கள். ஊரில் பேஸ் சொல்லித்தருபவர்கள் பலரும் அடிப்படையில் கிட்டாரிஸ்ட் அல்லது கீபோர்டு வாசிப்பவர்கள். அதில் தப்பில்லை. ஆனால் மாதத்தில் ஒரு வகுப்பாவது டிரம்ஸ் வாசிப்பவரோடு உட்காரவைப்பாரா என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். சான்றிதழ் வேண்டுவோருக்கு டிரினிட்டி காலேஜ் லண்டனின் ராக் அண்ட் பாப் தேர்வில் பேஸுக்குத் தனிப் பாடத்திட்டம் இருக்கிறது. இனிஷியலில் தொடங்கி எட்டாம் கிரேடுவரை. தேர்வுக்காக மட்டும் வாசிப்பதை நான் சிபாரிசு செய்யவில்லை, ஆனால் நாள் குறித்துவிட்டால் சிலர் ஒழுங்காகப் பயிற்சி செய்கிறார்கள் என்பதும் உண்மை.

ஆறு மாதத்தில் யாரோடாவது சேர்ந்து வாசித்தே ஆக வேண்டும். சர்ச் கொயரின் பயிற்சி நாளில் போய் உட்காருவது எளிய வாசல். தெரிந்த ஆர்க்கெஸ்ட்ரா இருந்தால் ரிகர்சலுக்குப் போங்கள். முதல் நாள் டிரம்ஸின் கிக் பெடல் கண்ணில் படும்படி உட்காருங்கள். கிக் விழும்போது மட்டும் ச, மற்ற இடங்களில் அமைதி. பாட்டு முழுக்க அப்படியே வாசித்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், பாடுபவர் திரும்பிப் பார்த்துத் தலையசைக்கவும் கூடும்.

மேடைக்குப் போனால் உங்கள் சின்ன ஆம்பை எடுத்துப் போக வேண்டாம். பேஸை டிஐ பாக்ஸ் வழியாக மிக்ஸருக்குக் கொடுப்பார்கள். கேபிளும் ஸ்ட்ராப்பும் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும், கேபிளில் இரண்டு. பேஸைச் செருகும்போதும் உருவும்போதும் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பெரிய ஸ்பீக்கர்களில் 'டொம்' என்று இடி விழும், சவுண்ட்காரர் அதற்குப் பிறகு அன்று முழுக்க உங்கள் பக்கம் ஃபேடரை ஏற்றவே மாட்டார்.